எதிர்ப்பக்கம் கால் சுற்று

ஒரு கிட்டாரைக் கொல்வதென்று நான் தீர்மானித்தது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, தேநீருக்கும் மழைக்கும் நடுவே.

இதை எழுதும்போதே என் கை கூசுகிறது. கடைகளின் தராசுகளையும் படிக்கற்களையும் சோதித்து முத்திரையிடுவது என் உத்தியோகம். அரை கிராம் குறைந்தாலும் அரை மணி நேரம் அறிவுரை சொல்வேன். மீதி நேரத்தில் அறநெறிக் கட்டுரைகள் எழுதுகிறேன். குடும்பத் தலைவர்களே! இப்படிப்பட்ட ஒருவன் ஒரே மாலைப்பொழுதில் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கினான் என்பதைக் கேளுங்கள். கேட்டுவிட்டு அவரவர் மனத்தை அவரவர் நிறுத்துப் பாருங்கள்.

எங்கள் வீட்டின் பின்பக்கத்தில் ஒரு சிறிய அறை உண்டு. ஒரே சன்னல். அதைத் திறந்தால் ஒரு முழம் தள்ளி அடுத்த கட்டடத்தின் சுவர். பிற்பகல் இரண்டு மணிக்கே அங்கே அந்தி வந்துவிடும். அந்த அறையில் என் மேசையைப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, மனித குலத்தைத் திருத்த வேண்டும் என்பது என் நெடுநாள் கனவு. என் மனைவிக்கும் அதே அறைமீது ஒரு கனவு இருந்தது. அவளுடைய கனவுக்கு ஆறு தந்திகள்.

அது அவள் அப்பாவின் கிட்டார். என் மாமனார் பல் மருத்துவர். ஒரு நோயாளி வாயைப் பொத்திக்கொண்டு வெளியேறி, அடுத்தவர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே வருவதற்குள், அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். கழுத்தின் பின்புறத்தில் அவர் கட்டைவிரல் முப்பது ஆண்டுகள் உரசிய இடத்தில் மெருகு போய், மரத்தில் ஒரு சிறு பள்ளமே விழுந்திருந்தது. அவர் மறைந்த பின் கிட்டார் எங்கள் வீட்டுக்கு வந்தது. நான் அதை அலமாரியின் மேல் படுக்க வைத்தேன். அதன் மேல் என் கட்டுரைப் படிகள் நிறைந்த இரண்டு பெட்டிகளை வைத்தேன். ஒன்பது ஆண்டுகள். அறம் கனமானது. கழுத்து வளைந்துவிட்டது.

அன்று மாலை என் மனைவி பெட்டிகளை இறக்கினாள்.

"என்னங்க, அந்தச் சின்ன ரூம்ல நான் கிட்டார் வாசிக்கப்போறேன்."

"இதையா? வில்லு மாதிரி வளைஞ்சு கிடக்கு. அம்பு வேணும்னா விடலாம்."

"சரி பண்ணலாம்."

"ஆகலேன்னா?"

"ஒரு வாரம் பார்ப்போம். சரியாயிடுச்சுன்னா ரூம் எனக்கு. மேல் வீட்டு டீச்சர் சாயங்காலம் வருவாங்க, ரெண்டு பேரும் சேர்ந்து வாசிப்போம். ஆகலேன்னா இதை வித்துட்டு உங்க மேசையைப் போட்டுக்குங்க. நான் வாயே திறக்க மாட்டேன்."

மனைவி வாயே திறக்க மாட்டேன் என்று சொல்லும் இடத்தில் கணவன் காதைத் திறந்து வைத்திருக்க வேண்டும். நான் வைத்திருக்கவில்லை.

"யார் சரி பண்றது?" என்றேன்.

"கடைக்காரர் ரெண்டு மாசம் ஆகும்கறார். அதான் யோசிக்கறேன். போன மாசம் 'உன் கையே உனக்கு உதவி'ன்னு பத்துப் பக்கம் எழுதினீங்களே…"

"சரி, நானே பண்றேன்."

அவள் என்னைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மழை தொடங்கியது.

மறுநாள் அலுவலகம் முடிந்து வாத்தியக் கடைக்குப் போனேன். அங்கே சுவரெங்கும் கழுத்தில் கயிறு மாட்டிய கிட்டார்கள் தொங்கின. கடைக்காரர் ஒரு வயலினின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, தலை நிமிராமலே பாடம் சொன்னார்.

"கழுத்துக்குள்ள ஒரு இரும்புக் கம்பி ஓடுது சார். அதோட முனையில ஒரு திருகு இருக்கும். வட்டத் துளைக்குள்ள கையை விட்டாத் தட்டுப்படும். திருகு முகத்தைப் பாத்து, கடிகார முள் போற பக்கம் திருப்பினா கழுத்து நிமிரும்."

"எதிர்ப்பக்கம் திருப்பினா?"

"இன்னும் குனியும். அப்புறம் விறகுதான். ஒரு நாளைக்குக் கால் சுற்று, அவ்வளவுதான். தந்தியைத் தளர்த்திட்டுத் திருப்புங்க, திருப்பினதும் பழையபடி இறுக்கிடுங்க. மறுநாள் வரைக்கும் தொடாதீங்க. மரம் யோசிக்கறதுக்கு நேரம் குடுக்கணும்."

அவர் தந்த எல் வடிவச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். எதிர்ப்பக்கம், ஒரு நாளைக்குக் கால் சுற்று. ஒரு வாரத்தில் விறகு. யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. முயன்றான், மரம் ஒத்துழைக்கவில்லை. பாவங்களில் கொடியது, முயற்சியைப் போல் வேடமிட்டு வரும் பாவம். அதைப் பிற்பாடு ஒரு கட்டுரையாகவே எழுதினேன்.

வீட்டுக்கு வந்தபோது சின்ன அறையில் நடுவே ஒரு மேசை, மேசையில் வெள்ளைத் துணி, துணியின் மேல் கிட்டார். இன்னொரு துணியால் மார்பு வரை போர்த்தியிருந்தது. கழுத்து மட்டும் வெளியே நீண்டிருந்தது.

"உள்ளே இருட்டா இருக்குமே, திருகு எப்படித் தெரியும்?" என்றாள் மனைவி. "இந்தாங்க, அப்பாவோடது."

நீண்ட காம்பு. அதன் நுனியில் நாணயம் அளவில் ஒரு வட்டக் கண்ணாடி. எத்தனையோ வாய்களின் இருளைப் பார்த்த கண்ணாடி. இடக்கையால் அதைத் துளைக்குள் நுழைத்தேன். வலக்கையில் சாவி. கண்ணாடிக்குள் திருகின் முகம் தெரிந்தது, சொத்தைப் பல்லைப் போல. கண்ணாடியை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டே, கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகக் கால் சுற்று திருப்பினேன். உள்ளே எங்கோ மரம் ஒரு பெருமூச்சு விட்டது. அப்போதுதான் அந்த வாசனை வந்தது. கிராம்புத் தைலம். மாமனாரின் அறைக் கதவைத் திறந்தவுடன் முகத்தில் மோதுமே, அதே வாசனை.

திருப்புவதற்கு முன்னமே அளவெடுத்து வைத்திருந்தேன். அளவெடுப்பது என் ரத்தத்தில் ஊறியது. கழுத்தின் மேல் எஃகு அளவுகோலை நீளவாக்கில் வைத்து, அதற்கும் மரத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் மெல்லிய எஃகுத் தகடுகளைச் செருகிப் பார்ப்பேன். இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டர். மறுநாள் அது ஒன்றே முக்காலாக வளர்ந்திருக்க வேண்டும்.

மறுநாள் அளந்தேன். ஒன்று புள்ளி மூன்று.

அளவுகோலைச் சந்தேகித்தேன். இருந்தும் அன்றைய கால் சுற்றை எதிர்ப்பக்கமாகவே கொடுத்தேன். அடுத்த நாள் அளவுகோலை அலுவலகத்துக்குக் கொண்டுபோய் அரசு முத்திரை பதித்த மூல அளவோடு ஒப்பிட்டேன். அளவுகோல் நேர்மையாக இருந்தது. அறையில் நேர்மையற்ற பொருள் ஒன்றுதான் இருந்தது. அது அன்று மாலை குனிந்து மறுபடி அளந்தது. ஒன்று புள்ளி ஒன்று.

கடைக்காரருக்குத் தொலைபேசினேன்.

"ஒரு சந்தேகம். என் நண்பர் ஒருத்தர் எதிர்ப்பக்கம் திருப்பறார். கழுத்து நிமிருது."

"நிமிராது சார்."

"நிமிருதுங்கறேன்!"

"மரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது சார். உங்க நண்பருக்குத் தெரியுமா பாருங்க."

வைத்துவிட்டார்.

அடுத்து மனைவியைச் சந்தேகித்தேன். கணவர்களின் வழக்கமான வரிசை அதுதான். முதலில் கருவி, பிறகு மனைவி, தன்னைச் சந்தேகிப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

"நீ அந்த ரூமுக்குள்ள போனியா?"

"நான் எதுக்குப் போறேன்? வைத்தியம் பாக்கறது நீங்க."

"கிட்டாரைத் தொட்டியா?"

"தொடலை. ஏன், என்ன ஆச்சு? குனியுதா?"

"நிமிருது!"

"அதுக்கு ஏன் இப்படி முகம் வெளிறிப்போய் நிக்கறீங்க? சந்தோஷமா சொல்ல வேண்டியதுதானே?"

சந்தோஷமாகச் சொன்னேன். அந்தச் சிரிப்பைச் சுவர்க் கண்ணாடியில் பார்த்து நானே இரண்டடி பின்வாங்கினேன்.

அன்று கால் சுற்றைக் கொடுத்த பிறகு, தரை முழுவதும் முகப்பவுடரைத் தூவிக்கொண்டே பின்னோக்கி நடந்து வெளியே வந்தேன். கதவைப் பூட்டினேன். நிலைக்கும் கதவுக்கும் குறுக்கே ஒரு கறுப்பு நூலை ஒட்டினேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினேன்.

இங்கே உங்களுக்கு ஒரு கதை சொல்ல விரும்புகிறேன். ஒருவன் பக்கத்து வீட்டை வேவு பார்க்கச் சுவரில் துளையிட்டான். குனிந்து பார்த்தான். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கண் இவனைப் பார்த்தது. கோபத்தோடு நியாயம் கேட்கப் போனான். அந்த வீட்டில் நெடுநாளாக யாரும் குடியில்லை. ஆகவே நண்பர்களே, எந்தச் சுவரிலும் துளையிடாதீர்கள்.

மறுநாள் மாலை நூல் அறுந்திருக்கவில்லை. பவுடரில் ஒரு சுவடும் இல்லை. எறும்பு நடந்த கோடுகூட இல்லை. வெள்ளைத் தரையின் நடுவே, வெள்ளைத் துணியின் மேல், கிட்டார் நேற்றைவிட நிமிர்ந்து படுத்திருந்தது. புள்ளி ஒன்பது. கிராம்பு வாசனை அறை முழுவதும் நின்றது. கழுத்தின் பின்புறத்தைத் தொட்டேன். மரம் குளிர்ந்திருந்தது. அந்தக் கட்டைவிரல் பள்ளம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

ஐந்தாம் நாள் அது பேசியது.

அலுவலக ஊழியர் கூட்டத்தில் நம்பிக்கைத் துரோகம் பற்றி நான் உரையாற்ற வேண்டியிருந்தது. கால் சுற்றை முடித்து, தந்திகளை இறுக்கிவிட்டு, அந்த அறையிலேயே ஒத்திகை பார்த்தேன். "தோழர்களே," என்று என் கனத்த குரலில் தொடங்கினேன்.

"ம்ம்ம்ம்," என்றது கிட்டார்.

நிறுத்தினேன். அது நிறுத்தவில்லை. ஒரு மூச்சு நேரம் கழித்துத்தான் அடங்கியது. சன்னலுக்கு வெளியே சுவரில் மழைநீர் வழிந்துகொண்டிருந்தது.

"வீட்டுக்குள்ளேயே துரோகம் செய்பவன்…"

"ம்ம்ம்ம்."

குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மாமா?" என்றேன்.

"ம்ம்ம்ம்."

உயிரோடு இருந்தபோது அவர் என்னிடம் இவ்வளவு நேரம் பேசியதே இல்லை. நான் ஓடவில்லை, ஓடினால் மரியாதைக் குறைவு. முகத்தைக் கிட்டார் பக்கமாகவே வைத்துக்கொண்டு, வேகமாகப் பின்னோக்கி நடந்தேன். கதவு நிலை என் பின்மண்டையில் இடித்தது.

"என்ன சத்தம்?" என்றாள் மனைவி அடுக்களையிலிருந்து.

"ஒண்ணுமில்ல. கதவு."

"கதவு 'அம்மா'ன்னு கத்துமா?"

ஆறாம் நாள் மானம் குறுக்கே வந்தது. தராசுகளே கண்டு நடுங்கும் ஓர் அதிகாரி, செத்த மனிதர் ஒருவரிடம் ஓர் அறையை இழப்பதா? இடைவெளி புள்ளி ஐந்துக்கு இறங்கியிருந்தது. இன்னும் ஒரே நாள். கால் சுற்றாவது, ஒன்றாவது. எதிர்ப்பக்கம் அரைச் சுற்று! ஒரேயடியாக முடித்துவிடுவது என்று சாவியை மாட்டினேன். கண்ணாடியில் திருகு என்னைப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினேன்.

டக்.

கிட்டாரின் வயிற்றுக்குள்ளிருந்து, எலும்பு தன் இடத்தில் போய் உட்காரும் சத்தம். கிராம்பு வாசனை மூக்கைத் துளைத்தது. என் கண்ணெதிரே, கழுத்து மெல்ல, படுக்கையிலிருந்து எழ முயலும் நோயாளியைப் போல, துணியைவிட்டு மேலெழுந்தது. தந்திகள் ஒன்றன்பின் ஒன்றாக இறுகி, கீச்சென்று சுருதி ஏறின.

மேசைக்கு முன்னால் மண்டியிட்டேன்.

"மாமா! நான்தான்! நான்தான் பண்ணேன்! அஞ்சு நாளா எதிர்ப்பக்கம் திருப்பறேன், இன்னிக்கு அரைச் சுற்று! உங்க கிட்டாரை உடைக்கணும்னுதான் பண்ணேன். எனக்கு அந்த ரூம் வேணும். மேசை போடணும். மன்னிச்சிடுங்க மாமா! ரூமை உங்க பொண்ணே வச்சுக்கட்டும்!"

"சரிங்க," என்றது ஒரு குரல்.

மாமனாரின் குரல் இவ்வளவு மென்மையாக இருந்ததில்லை. திரும்பினேன். கதவருகே மனைவி. கையில் தேநீர்.

"எழுந்திருங்க. பவுடரெல்லாம் வேட்டியில."

"நீ… எப்ப வந்தே?"

"'அஞ்சு நாளா' கிட்ட வந்தேன்."

"அப்பா இங்கேதான் இருக்கார்! நான் எதிர்ப்பக்கம் திருப்பத் திருப்ப அவர் நிமித்தறார்!"

"நீங்கதான் நிமித்தினீங்க."

அவள் என் கையிலிருந்த கண்ணாடியை வாங்கினாள். என் தோளைப் பிடித்துச் சுவர்க் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி நிறுத்தினாள். கண்ணாடியை என் கண் முன்னே பிடித்தாள். அந்தச் சிறு வட்டத்துக்குள் கடிகாரம் தெரிந்தது. அதன் நொடி முள் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. பிடரி மயிர் எழுந்து நின்றது. அதன்பின், மிகவும் மெதுவாக, அறிவும் எழுந்து நின்றது.

"கண்ணாடியில எல்லாம் தலைகீழ்," என்றாள். "நீங்க கண்ணாடியைப் பாத்துக்கிட்டே எதிர்ப்பக்கம் திருப்பினீங்க. நிஜத்துல அது சரியான பக்கம். அப்பாகிட்ட வேலை கத்துக்க வர்றவங்க எல்லாருக்கும் மொதல் ஆறு மாசம் இதே தப்புதான். மேல இருக்கற கறையைச் சுரண்டச் சொன்னா கீழே சுரண்டுவாங்க. நான் சின்ன வயசுலேர்ந்து பக்கத்துல நின்னு பாத்தவ."

"அப்போ… நான் உடைக்கத்தான் போறேன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"'சரி, நானே பண்றேன்'னு சொன்னீங்களே, அப்பவே. இத்தனை வருஷத்துல ஒரு வேலைக்கு நீங்க ஒரே தடவையில சரின்னு சொல்லியிருக்கீங்களா? உடைக்கற மனுஷன் கையில கொடுத்தா எதைக் கொடுக்கணும்னு யோசிச்சேன். கண்ணாடியைக் கொடுத்தேன்."

"நான் நல்ல மனசோட திருப்பியிருந்தா?"

"அந்தக் கவலையே எனக்கு வரலை."

"சரி, அது பேசிச்சே! நான் பேசப் பேச 'ம்ம்'னு பதில் சொல்லிச்சே!"

"உங்க குரலும் அந்தக் கனத்த தந்தியும் ஒரே சுருதி. அது அதிரத்தான் செய்யும். மேல் வீட்டுல மோட்டார் போட்டா நம்ம வீட்டுப் பாத்திரம் அதிரலையா?"

எல்லாம் விளங்கிவிட்டது. மூச்சு சீரானது. வெட்கம் ஒன்றுதான் மிச்சம். அதோடு எனக்குப் பழக்கம் உண்டு. தேநீரை ஒரு மிடறு குடித்தேன்.

"அந்தக் கிராம்புத் தைல வாசனையை மட்டும் கண்ணாடியிலேர்ந்து போக்கியிருக்கலாம். அதுதான் என்னை அரைவாசி கொன்னுடுச்சு," என்றேன்.

அவள் கண்ணாடியை மூக்கருகே கொண்டுபோனாள். முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள்.

"வெந்நீர்ல கொதிக்க வச்சுதானே கொடுத்தேன்?" என்றாள். "எனக்கு எந்த வாசனையும் வரலையே."

இருவரும் மேசையைப் பார்த்தோம். யாரும் பேசவில்லை. ஆனாலும் கனத்த தந்தி மெல்ல, ஒரே ஒரு தடவை, "ம்ம்" என்றது. மேல் வீட்டு மோட்டாராக இருக்கும் என்று நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் சொன்னோம்.

இப்போது என் மேசை அடுக்களையில், மிக்ஸிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாயங்காலங்களில் சின்ன அறையிலிருந்து இரண்டு கிட்டார்கள் கேட்கும். அவற்றில் ஒன்று, மனைவி கையைத் தந்தியிலிருந்து எடுத்த பிறகும் சற்று நேரம் வாசிக்கும். நான் கவனிக்காதது போல வெங்காயம் உரித்துக்கொடுக்கிறேன்.

போன வாரம் மேல் வீட்டு டீச்சர் இரண்டு உறைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்.

"சார், ரெண்டும் என் மாணவிகளோடது. கழுத்து வளைஞ்சுடுச்சு. உங்களுக்கு ரொம்பக் கைராசின்னு உங்க வீட்டுல சொன்னாங்க."

வீழ்ந்தவனுக்கு எழுந்து நிற்க ஒரு வாய்ப்பு வரும்போது அவன் அதைப் பற்றிக்கொள்ள வேண்டும். எழுந்து நின்றேன். மார்பில் கை வைத்தேன்.

"டீச்சர், இந்தத் தடவை தூய உள்ளத்தோட திருப்பப்போறேன். ஒவ்வொரு கால் சுற்றும், நிமிரணும்கற ஒரே எண்ணத்தோட…"

உள்ளிருந்து மனைவி ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"ஐயையோ, வேண்டாங்க! பாவம், பிள்ளைங்களோட கிட்டார்! நல்லது பண்ணணும்னு மட்டும் நினைச்சுடாதீங்க. கண்ணாடியைக் கையில வச்சுக்கிட்டு, போன தடவை மாதிரியே, ஒழிஞ்சு போகட்டும்னு மனசார நினைச்சுத் திருப்புங்க."

நாலு நாளாக இரண்டையும் மனமார நாசமாக்கிக்கொண்டிருக்கிறேன். நன்றாக நிமிர்ந்து வருகின்றன.